ஜிபி கிளினிக்கின் மருந்துச்சீட்டுகளில் வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிப்பது எப்படி?

1993இல் இங்கிலாந்தின் ஹைட் என்ற ஊரில் ஒரு குடும்ப மருத்துவர் பக்கத்து மருந்துக்கடையிலிருந்து டயமார்ஃபின் என்ற கடுமையான வலி ஊசி மருந்தை வாங்கிக்கொண்டே இருந்தார். 30 மி.கி. ஆம்பூல், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பி, ஒரு முறைக்கு ஒன்றே ஒன்று, வெவ்வேறு நோயாளிகளின் பெயரில். வீட்டில் கிடக்கும் புற்றுநோயாளிக்குக் கடைசிக் கட்ட வலிக்காக டயமார்ஃபின் கொடுக்க ஆரம்பித்தால் அது நாள்கணக்கில் போகும், ஒரு ஆம்பூலோடு நிற்காது. அந்த மருத்துவர் ஹரால்ட் ஷிப்மன். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002இல் சொன்னது. அதற்கெல்லாம் முன்பே, 1976இல், பெத்திடின் என்ற போதை வலி மருந்தைப் பொய்ச் சீட்டு எழுதித் தனக்கே வாங்கிக்கொண்டதற்காக அவருக்கு அபராதம் போட்டிருந்தார்கள்.

சீட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தவர்களுக்கு அது சாதாரணச் சீட்டு. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிப் பார்க்க ஆள் இல்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் ஒவ்வொரு ஜிபி கிளினிக்கும், அதாவது குடும்ப மருத்துவர்கள் நடத்தும் கிளினிக் ஒவ்வொன்றும், எந்த மருந்தை எவ்வளவு எழுதியது என்ற கணக்கு மாதாமாதம் பொதுவில் வருகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது, எங்கே ஏமாந்துவிடுவோம் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொரு ஷிப்மனைப் பிடிக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கிடைப்பதில் பெரும்பாலானவை பழைய பழக்கங்களாகத்தான் இருக்கும். வழிகாட்டுதல் மாறியது தெரியாமல் பத்து வருடமாக அதே மாத்திரையை எழுதுகிற கிளினிக், ஓய்வுபெற்ற ஒரு மருத்துவர் ஆரம்பித்துவைத்து அப்புறம் யாரும் நிறுத்தாத மருந்து, இப்படி. அதிலும் மனிதர்களுக்குக் கெடுதல் நடக்கிறது, ஆகவே அதைத் தேடுவதும் முக்கியமான வேலைதான்.

சரி, டேட்டா எங்கே கிடைக்கும்? என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையின் பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பு மருந்துக்கடைகளுக்குப் பணம் கொடுப்பதற்காக எல்லாச் சீட்டுகளையும் கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கோப்பு, சுமார் இரண்டு மாதம் தாமதமாக வரும். கிளினிக்கின் குறியீடு, மருந்தின் குறியீடு, எத்தனை ஐட்டம் (சீட்டில் ஒரு மருந்துக்கான ஒரு வரி), எத்தனை மாத்திரை, என்ன விலை என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு மாதத்துக் கோப்பிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கும். எக்செல் பத்து லட்சத்து சொச்சம் வரிசையோடு நின்றுவிடும் என்பதால், பைத்தான், ஆர் (R), எஸ்க்யூஎல் போன்ற கணினி மொழி ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர்களுக்கு ஓப்பன்பிரிஸ்கிரைபிங் என்ற இணையதளம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பென் கோல்டேக்கர் தலைமையிலான குழு 2015இல் தொடங்கியது. கிளினிக்கின் பெயரைத் தட்டினால் வரைபடமே வந்துவிடும். நான் பெரும்பாலும் அங்கே பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் மட்டும் மூலக் கோப்பை இறக்குவேன்.

டேட்டாவில் என்ன இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி யார், வயதென்ன, ஆணா பெண்ணா, என்ன நோய், ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரிக்குள் கொடுத்த மருந்து இருக்காது. காசு கொடுத்துப் பார்க்கும் தனியார் மருத்துவரின் சீட்டு இருக்காது. மருத்துவர் எழுதிக்கொடுத்து, நோயாளி கடைக்கே போகாமல் விட்டதும் இருக்காது. கடையில் கொடுத்து, கணக்குக்கு வந்தது மட்டும்தான்.

மருந்துக் குறியீட்டைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிஎன்எஃப் குறியீடு என்பார்கள், 15 எழுத்து நீளம், இடமிருந்து வலமாகப் படிக்கப் படிக்கக் கிளை பிரியும். 04 என்று தொடங்கினால் நரம்பு மண்டலம் சம்பந்தப்பட்டது, 0407 என்றால் வலி மருந்து, 040702 என்றால் அதிலும் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து. 05 என்றால் தொற்றுநோய் மருந்துகள். அப்படியே உள்ளே போகப் போக மருந்தின் வேதிப்பெயர், பிராண்டு, மி.கி. அளவு வரைக்கும் வந்துவிடும். இந்தக் கிளை அமைப்புதான் நமக்குப் பின்னால் கைகொடுக்கப்போகிறது.

கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு வடிகட்டல். கோப்பில் இருக்கும் குறியீடு எல்லாமே ஜிபி கிளினிக் இல்லை. இரவு நேர அவசர சேவை, போதை மீட்பு மையம், சிறை, எல்லாமே கலந்திருக்கும். என்ஹெச்எஸ் வெளியிடும் கிளினிக் பட்டியலில் அமைப்பின் வகை என்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கிறது, அதில் 4 என்று இருப்பதுதான் வழக்கமான ஜிபி கிளினிக். இதைச் செய்யாமல், போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெதடோனைத் தேடினால், பட்டியலின் உச்சியில் நிற்பது போதை மீட்பு மையமாக இருக்கும். அவர்கள் வேலையே அதுதான்.

எதனால் வகுக்கப்போகிறீர்கள்?

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு கிளினிக் மாதத்துக்கு 900 ஐட்டம் ஓபியாய்டு எழுதுகிறது என்றால் அது அதிகமா? 20,000 பேர் பதிவு செய்த கிளினிக்குக்கு ஒரு மாதிரி, 3,000 பேர் உள்ள கிளினிக்குக்கு வேறு மாதிரி. எனவே பதிவு செய்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்போம். அதுவும் போதாது. கடலோரத்தில் ஓய்வுபெற்றவர்கள் போய்க் குடியேறும் ஊரின் கிளினிக்கையும் பல்கலைக்கழக வளாகத்துக் கிளினிக்கையும் தலை எண்ணி ஒப்பிட்டால், முதலாவது எல்லா மருந்திலும் அதிகமாகத்தான் தெரியும். வயதையும் பாலையும் பார்த்து எடை போடும் ஓர் அளவு இருக்கிறது, ஸ்டார்-பியு என்று பெயர், ஆன்டிபயாடிக் ஒப்பீட்டுக்கு அதைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் வழக்கத்துக்கு மாறானதைத் தேடுகிறவருக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. மருந்தை அதன் சொந்தக் குடும்பத்தால் வகுப்பது. அந்த வகையில் எழுதிய எல்லா ஐட்டத்திலும் இந்த ஒரு மருந்துக்கு எத்தனை பங்கு என்று பார்ப்பது. கிளினிக்கில் முதியவர்கள் அதிகமா இளைஞர்கள் அதிகமா என்ற சிக்கல் இதில் பெருமளவு கழிந்துவிடும், ஏனென்றால் தூக்க மாத்திரை தேவைப்படுகிறவர் எத்தனை பேர் என்று நாம் கேட்கவில்லை, தூக்க மாத்திரை எழுதும்போது இந்த மருத்துவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்றுதான் கேட்கிறோம். தேர்வு என்பது எழுதுகிறவரின் கையில் இருப்பது, அதனால்தான் பழக்கம் அங்கே தெளிவாகத் தெரிகிறது.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டுக்கு நானே எண்களை வைத்துச் சொல்கிறேன். ஒரு வகையில் ஆறு மாதத்தில் ஒரு கிளினிக் 400 ஐட்டம் எழுதியிருக்கிறது, அதில் 60 ஒரே மருந்து. பங்கு 15 சதவீதம். எல்லாக் கிளினிக்கையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 3 சதவீதம், திட்டவிலக்கம் (கிளினிக்குகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) 2. பதினைந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் 6. மூன்றைத் தாண்டினாலே திரும்பிப் பார்க்க வேண்டும், இது ஆறு. இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கிளினிக்குக்கும் போட்டு, கிளினிக் வாரியாக மேலே ஐந்து, கீழே ஐந்து எடுத்துவைத்தால் நல்ல ஆரம்பப் பட்டியல் கிடைக்கும். ஒரு மாதத்தை மட்டும் எடுக்காதீர்கள், ஆறு மாதமாவது சேர்த்து எடுங்கள்.

கீழே ஐந்து ஏன்? எழுதாமல் இருப்பதும் மாறுபாடுதான். இங்கிலாந்தில் சிறுநீர்த் தொற்றுக்கு முதலில் டிரைமெத்தோப்ரிம் கொடுப்பதுதான் வெகுநாள் பழக்கம். கிருமிகள் அதற்கு அசையாமல் போனதால் 2014 நவம்பரில் வழிகாட்டுதல் நைட்ரோஃபுரன்டாயினுக்கு மாறியது. சில கிளினிக்குகள் சீக்கிரமே மாறின, சில வருடக்கணக்கில் மாறவில்லை. மாறாதவர்களைக் கண்டுபிடிக்க, நைட்ரோஃபுரன்டாயின் பங்கு அடிமட்டத்தில் கிடக்கும் கிளினிக்குகளைப் பார்த்தால் போதும்.

இப்போது மேலே சொன்ன வழியின் பெரிய ஓட்டை. அதே வகை, அதே 3 சதவீதச் சராசரி. ஒரு சின்னக் கிளினிக் மொத்தமே 4 ஐட்டம் எழுதியிருக்கிறது, அதில் 2 இந்த மருந்து. பங்கு 50 சதவீதம்! கணக்கு 23.5 என்று கத்தும், பட்டியலில் முதல் இடம். உண்மையில் இது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று. அரிதுதானே என்று தோன்றும். இதே அளவு சின்னக் கிளினிக் 6,000 இருந்தால், யாருமே தப்பாக எதுவும் எழுதாமலே முப்பது கிளினிக் இப்படி வந்து நிற்கும். அப்புறம் மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இதே கதை. ஆகவே வகையில் குறைந்தது இத்தனை ஐட்டமாவது இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பேன் என்று ஒரு வரம்பு வையுங்கள், நான் 50க்குக் கீழே பார்ப்பதில்லை. அதோடு பங்கை ஓர் அச்சிலும் மொத்த ஐட்டத்தை இன்னோர் அச்சிலும் வைத்துப் புள்ளி வரைந்து பாருங்கள், புனல் மாதிரி வரும். மொத்தம் குறைவாக இருக்கும் பக்கம் புள்ளிகள் வாயகலமாகச் சிதறும், அதிகமாகும் பக்கம் குறுகும். குறுகிய பக்கத்தில் புனலுக்கு வெளியே ஒரு புள்ளி தனியாக நின்றால் அதுதான் உங்களுடையது.

அரிதான மருந்துகளில் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் ரொம்ப நம்பக் கூடாது. பெரும்பாலான கிளினிக்கில் பூஜ்யம் இருக்கும்போது, ஒன்றிரண்டு எழுதியவர்கூடப் பூதாகரமாகத் தெரிவார். அங்கே நூற்றுமானம் பாருங்கள், நூறு கிளினிக்கை வரிசையில் நிறுத்தினால் இது எத்தனையாவது என்று.

ஐட்டமா, மாத்திரையா?

இதில் நானே தடுக்கி விழுந்திருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஐட்டம் என்றால் சீட்டில் ஒரு மருந்தின் ஒரு வரி. 28 நாளுக்கான மாத்திரையை ஒரே சீட்டில் எழுதினால் ஓர் ஐட்டம், 56 நாளுக்கு எழுதினாலும் ஓர் ஐட்டம்தான். நினைவுத் தடுமாற்றம் உள்ள முதியவர்களுக்கு மருந்துக்கடையிலேயே காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த அட்டையில் மாத்திரைகளை அடுக்கி வாரத்துக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள், அதற்குச் சில மருத்துவர்கள் 7 நாள் சீட்டாக எழுதுவார்கள். எட்டு மருந்து சாப்பிடும் ஒருவருக்கு நான்கு வாரத்தில் 8 ஐட்டம் வர வேண்டியது 32 ஆகிவிடும். நாற்பது பேர் இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றை அந்தக் கிளினிக் பார்த்துக்கொள்கிறது என்றால் 320க்குப் பதில் 1,280. அந்த இல்லத்தில் ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக யாரும் விழுங்கவில்லை. ஆனால் நான் முதல் தடவை பார்த்தபோது ஒரு கிளினிக் நான்கு மடங்கு மருந்து எழுதுகிறது என்று நினைத்துக் குறிப்பே எழுதிவிட்டேன். மாத்திரை எண்ணிக்கைப் பத்தியைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் ஐட்டத்தில் ஏதாவது கண்ணில் பட்டால், உடனே அதே கணக்கை மாத்திரை எண்ணிக்கையிலும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் நின்றால் தொடருங்கள். ஐட்டத்தில் மட்டும் என்றால் சீட்டு எழுதும் நாள் கணக்கு வேறு, அவ்வளவுதான். மாத்திரையில் மட்டும் அதிகம் என்றால் அது வேறு கேள்வி, ஒரே சீட்டில் ஏன் இவ்வளவு? ஓபியாய்டில் இது ஆபத்தான கேள்வி. அங்கே மருந்துகளின் வலிமையும் வேறு வேறு என்பதால் எல்லாவற்றையும் வாய்வழி மார்ஃபின் அளவுக்கு மாற்றிக் கூட்ட வேண்டும். நாளுக்கு 120 மி.கி. மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டினால் கெடுதல் கூடுகிறதே தவிர வலி கூடுதலாகக் குறைவதில்லை என்பது பிரிட்டனின் வலி மருத்துவர்கள் சொல்லும் எல்லை.

ஷிப்மனின் ஆம்பூல்களும் கோப்பின் இந்த எண்ணிக்கைப் பத்தியில்தான் தெரிந்திருக்கும். ஐட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் 1. மொத்த அளவில் அவை மிகக் குறைவு, அதிகத்தை மட்டும் தேடுகிறவர் கண்ணில் படவே படாது. எனவே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு, அதாவது மார்ஃபின் போலச் சட்டம் தனியாகக் கண்காணிக்கும் மருந்துகளுக்கு, ஒரு சீட்டுக்கு எவ்வளவு என்பதைத் தனியாக, இரண்டு பக்கமும் பாருங்கள்.

புள்ளியியலே தேவைப்படாத சில மருந்துகளும் உண்டு. மீத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. 2.5 மி.கி., 10 மி.கி. என்று இரண்டு அளவில் வருகிறது, இரண்டும் மஞ்சள் மாத்திரை. மாறிப்போனால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும், எலும்பு மஜ்ஜையையே முடக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால் 2.5 மட்டும்தான் எழுத வேண்டும் என்பது அங்கே பல வருட அறிவுரை. இங்கே சராசரி எதற்கு? 10 மி.கி. ஓர் ஐட்டம் இருந்தாலே அந்தக் கிளினிக்கிடம் கேட்கலாம். கோ-ப்ராக்சமால் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலே உயிருக்கு ஆபத்து என்பதால் 2005இல் விலக்கிக்கொள்வதாக அறிவித்து 2007 முடிவோடு உரிமத்தை நிறுத்தினார்கள். அதற்கப்புறமும் அது எழுதப்பட்டிருந்தால், யாருக்கு, ஏன் என்று தெரிந்தே ஆக வேண்டும். இப்படி ஒரு சின்னப் பட்டியலைத் தனியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் ஓட்டுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள்

ஒரு கிளினிக்கைப் பிடித்தால் குறைந்தது மூன்று வருட வரைபடம் போடுங்கள், பக்கத்தில் நாட்டின் இடைநிலையையும் (எல்லாக் கிளினிக்கையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதன் அளவு) வரையுங்கள். நெடுங்காலமாகச் சீராக உயரத்தில் ஓடுவது பழக்கம். ஒரே மாதத்தில் படிக்கட்டு மாதிரி எழும்பினால் ஏதோ நடந்திருக்கிறது: புது மருத்துவர் சேர்ந்திருக்கலாம், இரண்டு கிளினிக் ஒன்றாகியிருக்கலாம், முதியோர் இல்லம் ஒன்று கைமாறியிருக்கலாம். எல்லாருமே சேர்ந்து எழும்பினால் கிளினிக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022 டிசம்பரில் குழந்தைகளிடையே குரூப் ஏ ஸ்ட்ரெப் தொற்று பரவியபோது நாடு முழுக்க பெனிசிலினும் அமாக்சிசிலினும் ஏறின, கடைகளில் தட்டுப்பாடே வந்தது. கிடைக்காதபோது மருத்துவர் வேறொன்றைத்தானே எழுதுவார், அந்த மாதத்து ஆன்டிபயாடிக் பங்குகளை வைத்து யாரையும் எடை போட முடியாது.

அண்டைக் கிளினிக்குகளோடு ஒப்பிடுவது இன்னொரு நல்ல சோதனை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஐசிபி என்ற அமைப்பு இருக்கிறது, எந்த மருந்தை முதலில் எழுதலாம் என்று அந்தந்தப் பகுதியில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். நாட்டோடு ஒப்பிட்டால் தனித்துத் தெரிகிற கிளினிக், தன் பகுதிக்குள் பார்த்தால் எல்லாரையும் போலவே இருக்கும் என்றால், அது அந்தப் பகுதியின் முடிவு, கேள்வியை அங்கே கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் தனித்து நின்றால்தான் கிளினிக்கைப் பற்றிப் பேச முடியும்.

கண்டுபிடித்த பிறகு

இவ்வளவையும் தாண்டி ஒன்று மிஞ்சினால், அது கேள்வி, தீர்ப்பு இல்லை. வீடற்றவர்களுக்கென்றே நடத்தும் கிளினிக் இருக்கிறது, வலி நிபுணர் ஒருவர் வேலை பார்க்கும் கிளினிக் இருக்கிறது, ஆஸ்பத்திரி நிபுணர் ஆரம்பித்துவைத்த அரிய மருந்தைத் தொடரும் கிளினிக் இருக்கிறது. டேட்டாவுக்கு இது எதுவும் தெரியாது. தயவுசெய்து கிளினிக்கின் பெயரைப் போட்டு முதல் நாளே சமூக ஊடகத்தில் எழுதிவிடாதீர்கள். நான்கு மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் அது நான்கு பேரின் முகத்தில் அடிப்பது, அங்கே மருந்து வாங்கும் ஆயிரக்கணக்கானவர்களின் நம்பிக்கையைக் குலைப்பது. நிறுத்தவே கூடாத மருந்தை யாராவது பயந்துபோய் நிறுத்திவிட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?

கிளினிக்குக்கு எழுதுங்கள். மேலாளருக்கும் மருத்துவர்களுக்கும் சேர்த்து, ஒரு பக்கத்துக்குள், வரைபடத்தோடு. "கடந்த ஆறு மாதத்தில் உங்கள் கிளினிக்கில் இந்த வகை மருந்துகளில் 15 சதவீதம் இந்த ஒரு மருந்தாக இருக்கிறது, நாட்டில் 3, உங்கள் பகுதியில் 4. மாத்திரை எண்ணிக்கையிலும் இதே வித்தியாசம் தெரிகிறது. இதற்கு எனக்குத் தெரியாத காரணம் இருக்கலாம், சொன்னால் திருத்திக்கொள்கிறேன்." இப்படி எழுதினால் பதில் வருகிறது. பல சமயம் அவர்களே அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், கணினியில் மருந்தின் பெயரைத் தட்டும்போது முதலில் வந்து நிற்பதை அழுத்தியே பழகியிருப்பார்கள்.

பதில் வரவில்லை, அல்லது பதில் ஒட்டவில்லை என்றால் ஐசிபியில் மருந்துப் பயன்பாட்டைப் பார்க்கும் மருந்தாளுநர் குழு இருக்கிறது, அவர்களுக்குக் கிளினிக்கின் உள்ளே போய்ப் பதிவுகளைப் பார்க்க வழி உண்டு, நமக்கு இல்லை. மார்ஃபின், டயமார்ஃபின், பெத்திடின் போன்றவற்றில் சந்தேகம் என்றால் கிளினிக்குக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குப் பொறுப்பான அதிகாரி என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் உண்டு, நேராக அவரிடம் போங்கள். ஷிப்மன் விசாரணையின் நான்காவது அறிக்கை 2004இல் வந்த பிறகு, 2006 சட்டத்தில் உண்டாக்கப்பட்ட பதவி அது. டிரமடோல் என்ற ஓபியாய்டு 2014இலும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் கேபபென்டினும் பிரிகேபலினும் 2019 ஏப்ரலிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன, அவற்றுக்கும் இதே வழிதான்.

எழுதிய தேதியைக் குறித்துவையுங்கள். டேட்டா இரண்டு மாதம் பின்னால் வருவதால், அவர்கள் இன்றைக்கே மாற்றினாலும் உங்கள் வரைபடத்தில் தெரிய மூன்று மாதமாவது ஆகும், அதற்குள் இரண்டாவது கடிதம் போடாதீர்கள்.